எந்த ஊர் என்று கேட்கும் பாடம்

அத்தியாயம் 11

வெள்ளிக்கிழமை வந்துவிட்டது.

"உங்க இஷ்டம் மாமா" என்று போன வாரம் நான் சொன்னதை என் மாமனார் ரத்தினவேல் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார். சாப்பிடுங்கள் என்றால் சாப்பிட்டேன். படுங்கள் என்றால் படுத்தேன். அதே குரலில்தான் அதையும் சொன்னேன்.

மாலையில் நல்ல நேரம். கறம்பக்குடியிலிருந்து ஐயனார் மாமா வருகிறார். என் மாமியார் செவந்தி அத்தையின் தம்பி. அங்கே கடலை வியாபாரம். இந்த வீட்டுப் பெண்களுக்குத் தாய்மாமன் அவர். அவர் கையால் பூவை எடுத்துக் கொடுத்தால்தான் இங்கே ஒரு பெண்ணுக்குப் பூ வைக்க முடியும். ஏழு வருடத்துக்கு முன் என் வைஷ்ணவிக்கும் அவர்தான் எடுத்துக் கொடுத்தார்.

இந்த முறை பூ அவள் தங்கை ரஞ்சிதாவுக்கு. மாப்பிள்ளை மாறவில்லை. நான்தான்.

வைஷ்ணவி இறந்து அரை வருடம் ஆகிறது. வருஷம் திரும்புவதற்குள் வீட்டில் ஒரு நல்லது நடந்துவிட வேண்டும் என்கிறார்கள். எனக்காகப் பேச என் பக்கத்தில் யாரும் இல்லை. அம்மாவும் அப்பாவும் அறந்தாங்கியிலேயே போய்ச் சேர்ந்துவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை திருச்சியிலிருந்து எனக்கும் என் மகளுக்கும் விமானம். விடுப்பு முடிந்து திங்கட்கிழமை எய்ந்தோவனில் மறுபடி வேலைக்குச் சேர வேண்டும். நெதர்லாந்தில் அந்த ஊரில்தான் நாங்கள் மூன்று பேராக இருந்தோம்.

காலையில் முகம் கழுவ வெளியே வந்தேன். மாடிப்படியில் பாடம் நடந்துகொண்டிருந்தது.

மேல்படியில் என் மகள் அமு. ஆறு வயது. என் அம்மாவின் பெயர், அமுதவல்லி. கீழ்ப்படியில் ரஞ்சிதா, ஈரத் தலையோடு. செல்போனில் ஒரு வெள்ளைக்காரப் பெண் மெதுவாகச் சொல்லித் தர, நிறுத்தி நிறுத்தித் திருப்பிச் சொன்னாள்.

"வார் கோம் யெ ஃபன்டான்?"

நீ எங்கிருந்து வருகிறாய்? டச்சு படிக்க ஆரம்பிப்பவர்களுக்குப் பெயர் சொல்லும் பாடம் முடிந்ததும் இந்தப் பாடம்தான்.

"இக் கோம் அய்ட் எய்ந்தோவன்" என்றாள் அமு. நான் எய்ந்தோவனிலிருந்து வருகிறேன்.

"இக் கோம் அய்ட் இந்தியா" என்றாள் ரஞ்சிதா.

அமுவுக்குத் திருப்தியில்லை. இறங்கி வந்து சித்தியின் இரண்டு கன்னத்தையும் பிடித்து அழுத்தி உதட்டைக் குவித்தாள். 'அய்ட்' என்பதை அப்படிக் குவித்துச் சொல்ல வேண்டும். ரஞ்சிதா மீன் மாதிரி வாயை வைத்துக்கொண்டு இன்னொரு தரம் சொன்னாள். அமு சிரித்தாள். இந்த ஊருக்கு வந்த பிறகு அவள் சிரிப்பது இந்தப் படியில் மட்டும்தான்.

வைஷ்ணவி இருந்தவரை எங்கள் வீட்டில் தமிழ், பள்ளியில் டச்சு. அவள் போன பிறகு அமு தமிழை நிறுத்திவிட்டாள். எல்லாம் புரியும். வாயிலிருந்து வருவது டச்சு. கூப்பிடும் சொற்கள் மட்டும் தமிழில் மிஞ்சியிருந்தன. அப்பா, சித்தி. அப்புறம் அம்மா.

அத்தை செவந்தி காபியோடு வந்தார்.

"ஏ ஆத்தா, எந்த ஊருன்னு கேட்டா திருமயம்னு சொல்லணும். ஒங்கம்மா பொறந்த ஊரு. எங்க, சொல்லு?"

"இக் கோம் அய்ட் எய்ந்தோவன்."

"என்னங்குது?"

"திருமயம்னுதான் சொல்றாம்மா" என்றாள் ரஞ்சிதா. "அவங்க பாஷைல அப்படித்தான் வரும்."

அத்தை நம்பினார். அல்லது நம்ப விரும்பினார்.

நான் டம்ளரை வாங்கிக்கொண்டேன். அந்தக் கேள்வியை என்னிடம் கடைசியாகக் கேட்டவர், உடலை ஊருக்கு அனுப்பிவைக்கும் நிறுவனத்துக்காரர். நல்ல மனிதர். முதலில் காபி வேண்டுமா என்றார். பிறகு, உங்கள் மனைவிக்கு எந்த ஊர் என்றார். திருமயம் என்றேன். எழுத்துக் கூட்டச் சொன்னார். கூட்டினேன். பக்கத்தில் விமான நிலையம் எது? திருச்சி என்றேன். அவர் திருச்சியை வைத்துக்கொண்டு திருமயத்தை விட்டுவிட்டார்.

அமுவின் பள்ளி வாசலில் காத்து நின்றபோது தலை வலிக்கிறது என்று உட்கார்ந்தவள் வைஷ்ணவி. மூளையில் ரத்தக் குழாய் வெடித்திருந்தது. எழுதுவதற்கு அதில் வேறு எதுவும் இல்லை.

"மாப்பிள்ளை" என்றார் அத்தை. குரலைத் தாழ்த்தியிருந்தார். "ஒண்ணு சொல்றேன், தப்பா நெனைக்காதீங்க. சாயங்காலம் எல்லாம் நல்லபடியா முடிஞ்சா, ஞாயித்துக்கெழமை புள்ளைய நீங்க கூட்டிட்டுப் போங்க. ரஞ்சி மூணு மாசத்துல பின்னாடியே வந்துருவா. அதுவரைக்கும் நானே வந்து இருக்கேன், எனக்கு விசா எடுங்க, அந்தக் குளிர்ல கெடக்கேன்."

"சரி அத்தை."

"முடியலன்னா புள்ள இங்கிட்டுத்தான். நீங்க ஆபீஸ் போயிட்டா அதுக்கு யாரு கதவத் தெறந்து விடுவா? தாயில்லாப் புள்ளைய அங்க தனியா வச்சு நான் இங்க சோறு திங்க மாட்டேன். இதுதான் அவரு முடிவும். என் முடிவும்."

சண்டைக்காகச் சொல்லவில்லை. அழுது அழுது வீங்கிய இமையோடு சொன்னார். நான் தலையாட்டினேன். அவர் சொன்னதில் தவறு எதுவும் எனக்குத் தெரியவில்லை. பள்ளி மத்தியானமே விட்டுவிடும். நான் வீடு திரும்ப இருட்டிவிடும்.

அமு இல்லாத அந்த வீட்டை நினைத்துப் பார்க்க முயன்றேன். முடியவில்லை. நினைப்பில் கதவு வரை போனேன், உள்ளே போக முடியவில்லை.

பதினோரு மணிக்கு அத்தை எங்களைக் கோட்டை பைரவருக்குத் தேங்காய் உடைக்க அனுப்பினார். நல்ல காரியத்துக்கு முன்னால் அது இந்த வீட்டு வழக்கம். ரஞ்சிதா ஸ்கூட்டியை எடுத்தாள். நான் பின்னால். அமு முன்னால் நின்றுகொண்டாள்.

நெடுஞ்சாலையில் போகிற பேருந்தும் லாரியும் அங்கே ஒரு நிமிஷம் நிற்காமல் போகாது. டிரைவர்கள் இறங்கி, ஒரு தேங்காயை வீசி உடைத்து, திருநீறு பூசிக்கொண்டு ஏறுவார்கள். தரையெல்லாம் சில்லும் தண்ணீரும். வெயில் கோட்டைச் சுவரிலிருந்து திரும்பி முகத்தில் அடித்தது.

பூக்காரம்மா எங்கள் மூன்று பேரையும் பார்த்துச் சிரித்தார்.

"வாங்க தம்பி, எந்த ஊரு? சம்சாரத்துக்கு ரெண்டு மொழம் வாங்கிக் குடுங்க, தலை மொட்டையா இருக்கு பாருங்க. பாப்பா அச்சு அம்மா ஜாடை."

ரஞ்சிதா பணத்தைக் கொடுத்து ஒரு முழம் வாங்கி, அதைத் தலையில் வைக்காமல் தேங்காயோடு சேர்த்துப் பைரவரிடமே வைத்துவிட்டாள்.

தேங்காய் சரியாக உடைந்தது. அமு சில்லு பொறுக்கப் போனாள். நாங்கள் சுவர் நிழலில் நின்றோம்.

"அத்தான், சாயங்காலம் ஐயனார் மாமா ஒங்ககிட்ட ஒண்ணு கேப்பாரு."

"என்ன?"

"டச்சுப் பரீட்சை நெசமாவே எழுதணுமான்னு. கட்டாயம்னு சொல்லிருங்க."

எனக்கு உடனே புரியவில்லை. ஆறு வாரமாக அவள் படிக்கிறாள். கல்யாணம் செய்து அந்த நாட்டுக்குப் போகும் பெண்கள் டெல்லிக்குப் போய் ஒரு பரீட்சை எழுதித் தேற வேண்டும், தேறாமல் விசா கிடையாது என்று அவள்தான் வீட்டில் சொல்லியிருந்தாள். மாமனார் நெட் பேக் போட்டுக் கொடுத்து, படி படி என்று துரத்தினார். நான் தலையிடவில்லை. எதிலும் தலையிடவில்லை.

"ரஞ்சி, ஒனக்கு அந்தப் பரீட்சை கிடையாது" என்றேன். "சிலருக்கு உண்டு. நான் இருக்கிற விசாவுல வர்ற மனைவிக்குத் தேவையில்ல. வைஷுவும் எழுதல."

"தெரியும்."

"தெரியுமா?"

"மொத வாரமே பாத்துட்டேன். அந்த நாட்டு வெப்சைட்லயே போட்டிருக்கு." அவள் அமுவையே பார்த்துக்கொண்டிருந்தாள். "பூ வச்சா மூணு மாசத்துல தாலி கட்டிரணும். பூவை வச்சுட்டுப் பொண்ணக் காக்க வைக்கிற வழக்கம் எங்க வீட்ல இல்ல. பரீட்சைக்கு ஒரு வருஷம் ஆகும்னா, மாமா பூவ எடுத்துக் குடுக்க மாட்டாரு. அதுக்குள்ள வருஷம் திரும்பிரும். இந்தப் பேச்சு ஓஞ்சுரும்."

ஒரு லாரிக்காரர் தேங்காயை ஓங்கி எறிந்தார். சில்லு எங்கள் கால் வரை வந்தது.

"எனக்கு மணமேல்குடி ஆஸ்பத்திரில லேப் டெக்னீஷியன் வேலை வந்திருக்கு, அத்தான். கவர்மெண்ட் வேலை. வீட்ல இன்னும் சொல்லல. சொன்னா, அங்க போய் மீன் வாடைல நிக்கிறதுக்கு வெளிநாடு போகலாம்லம்பாங்க."

"வேற யாராவது..."

"யாரும் இல்ல." சிரித்தாள். "எல்லாரும் அதத்தான் நெனைப்பாங்க. யாராவது இருந்தாத்தான் ஒரு பொண்ணு வேண்டாம்னு சொல்லலாமா?"

நான் மன்னிப்புக் கேட்டேன்.

"ஒங்க மேல எனக்கு ஒரு கொறையும் இல்ல. ஆனா அம்மா அக்கா சேலைய எடுத்து என் தோள்ல போட்டுப் போட்டுப் பாக்குறாங்க. அக்கா செருப்பு எனக்குச் சரியா இருக்கும்னு வச்சிருக்காங்க. நேத்து நான் ஏதோ சிரிச்சேன், அப்பா எழுந்து வெளிய போயிட்டாரு. அக்கா மாதிரி இருந்துச்சாம். இப்பல்லாம் சிரிக்கிறதுக்கு முன்னாடி யோசிக்கிறேன்."

அவள் சிரிப்பு அக்காவுடையது மாதிரிதான். எனக்கும் தெரியும். அவள் சிரிக்கும்போது நான் தரையைப் பார்ப்பேன்.

"அப்ப எதுக்கு நெசமாவே படிக்கிற? பரீட்சைன்னு சொன்னா மட்டும் போதுமே."

"சும்மா ஆரம்பிச்சேன். அப்புறம் இவ என்னோட பேச ஆரம்பிச்சுட்டா." அமு பாவாடை மடியில் தேங்காய்ச் சில்லுகளைச் சேர்த்திருந்தாள். "மொத நாள் வார் கோம் யெ ஃபன்டான்னு கேட்டேன். நாலு மாசமா எங்க யார்கிட்டயும் பேசாத புள்ள, ஒரு மணி நேரம் பேசிச்சு. எனக்கு ஒரு வார்த்த புரியல. ஆமா ஆமான்னு கேட்டுக்கிட்டே இருந்தேன்."

வைஷ்ணவியும் அப்படித்தான் படித்தாள். பரீட்சைக்காக இல்லை. வாரம் ஒரு நாள் நூலகத்தில் வயதானவர்கள் காபி ஊற்றிக் கொடுத்து, வந்தவர்களோடு டச்சில் பேசிக்கொண்டிருப்பார்கள். அங்கே போய்விட்டு வந்து சொல்வாள். "இன்னைக்கும் எந்த ஊருன்னுதாங்க கேட்டாங்க. மூணு கெழவிங்க, தனித்தனியா. நம்ம பஸ்லயும் இதத்தான கேப்பாங்க? ஆனா அடுத்தது யாரு வீட்டுப் புள்ளன்னு கேக்கணும்ல? அத மட்டும் ஒருத்தியும் கேக்க மாட்டேங்குறா."

"அத்தான்?"

"நான் அப்படிச் சொன்னா அமு இங்கதான் இருக்கணும். அத்தை காலையில சொல்லிட்டாங்க."

"தெரியும்." அவள் கண் கலங்கியது. "வாராவாரம் நான் வந்துருவேன். அம்மா நல்லாப் பாத்துக்குவாங்க. நீங்க வேற ஏற்பாடு பண்ணிக்கிட்டு வந்து கூட்டிட்டுப் போங்க. நான் கேக்குறது தப்புத்தான். வேற யார்கிட்டயும் கேக்க முடியல."

"சரி" என்றேன்.

அந்த ஒரு சொல்தான் எனக்கு வருகிறது. அரை வருடமாக எல்லோருக்கும் அதையே கொடுத்துக்கொண்டிருந்தேன். இந்தத் தடவை மட்டும் அது கனத்தது.

திரும்பும் வழியில் அமு தேங்காய்ச் சில்லைக் கடித்துக்கொண்டே பாடியபடி வந்தாள்.

ஐயனார் மாமா வந்தபோது வெயில் தணியவில்லை. ஒரு தார் பூவன் பழம். அவரே தோளில் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தார்.

"ஏ செவந்தி, தண்ணி கொண்டா. பஸ்ஸா அது? கறம்பக்குடிலருந்து புதுக்கோட்டை வரைக்கும் ஒத்தக் கால்ல நிக்கிறேன். இந்தத் தாருக்கு மட்டும் ஒரு பொம்பள எடம் குடுத்துச்சு, எனக்குக் குடுக்கல."

மாமனார் சிரித்தார். இந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டால் எல்லோரும் ஒரு முறை படத்தைப் பார்க்கிறார்கள். ஐயனார் மாமாவும் பார்த்தார். வைஷ்ணவி படத்தில் மாலை புதிதாக இருந்தது. துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

நடுவில் தட்டு. தேங்காய், வெற்றிலை, குங்குமம், ஒரு பந்து மல்லிகை. ரஞ்சிதா பச்சைச் சேலையில் வந்து சுவரோரம் நின்றாள். அது அக்காவின் சேலை. எந்தத் தீபாவளிக்கு வாங்கினேன் என்று எனக்குத் தெரியும்.

அமு என் மடியில் ஏறிக்கொண்டாள்.

"என்னா தாயி, எந்த ஊரு நீங்க?" என்றார் ஐயனார் மாமா.

அமு முகத்தை என் சட்டையில் புதைத்துக்கொண்டாள்.

"தொரைசானிக்கு நம்மளையெல்லாம் புடிக்கல." அவர் மட்டும் சிரித்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "மாப்ள, ஒரு சங்கதி. பரீட்சை பரீட்சைங்குதே இந்தப் புள்ள. பொண்டாட்டியா வாரதுக்கு எதுக்குய்யா பரீட்சை? சாம்பார் வைக்கச் சொல்லிப் பாப்பானோ? கேலியில்ல, தெரிஞ்சுக்கத்தான் கேக்குறேன். நெசமாவே எழுதணுமா?"

மாமனார் என்னைப் பார்த்தார். அத்தை பார்த்தார். ரஞ்சிதா தரையைப் பார்த்தாள்.

"ஆமா" என்றேன். "கட்டாயம். டெல்லிக்குப் போய் எழுதணும். தேறினாத்தான் விசா."

"எம்புட்டு நாளாகும்?"

"ஒரு வருஷம் ஆகலாம். மேலயும் ஆகலாம்."

ஐயனார் மாமா துண்டை மடித்துத் தொடையில் வைத்தார். "அப்ப மச்சான், இன்னைக்கு நான் பூவத் தொட மாட்டேன். பூவ வச்சுட்டுப் பொண்ண வருஷக்கணக்குல ஒக்கார வைக்க முடியாது. ஊரு கேக்கும். பூத்தவளும் கனவுல வந்து நிப்பா."

பூத்தவள் என்று அவர் சொன்னது வைஷ்ணவியை. குழந்தையாக இருந்தபோது அவர் அவளை அப்படிக் கூப்பிடுவாராம்.

மாமனார் தொண்டையைச் செருமினார்.

"அப்பன்னா புள்ள இங்கிட்டே இருக்கட்டும். பக்கத்துலயே இங்கிலீஷ் மீடியம் இருக்கு, நாளைக்கே பேசிருவேன். ரஞ்சி தேறுன பொறவு ரெண்டும் சேந்து வரட்டும். என்ன மாப்பிள்ளை?"

"சரி மாமா."

சொல்லிவிட்டேன். ரஞ்சிதா மூச்சு விடுவது கேட்டது.

மடியில் அமுவின் முதுகு விறைத்தது. அவளுக்குத் தமிழ் புரியும் என்று எனக்குத் தெரியும். அந்த நேரத்தில் நான் அதை நினைக்கவில்லை. வேறு வீட்டுக் குழந்தை மாதிரி வைத்துக்கொண்டு பேசிவிட்டேன்.

"அம்மா ஹேஃப்ட் கேன் எக்ஸாமன் கெடான்" என்றாள்.

சத்தமாகச் சொன்னாள். அம்மா எந்தப் பரீட்சையும் எழுதவில்லை. பிறகு வேகமாக இன்னும் சொன்னாள். சித்தி இப்போதே வரலாம். நான் இங்கே இருக்க மாட்டேன். எனக்கு வீட்டுக்குப் போக வேண்டும்.

"என்ன சொல்லுது?" என்றார் அத்தை.

"பசிக்குதாம்" என்றேன்.

"பசிக்குதாமா?" ஐயனார் மாமா முன்னால் சாய்ந்தார். "அம்மாங்குது, எக்ஸாமுங்குது. பசிக்கிறதுக்கு நடுவுல எக்ஸாம் எங்கய்யா வந்துச்சு?"

அமு திரும்பி என் முகத்தைப் பார்த்தாள். கோபம் இல்லை. அவள் சொன்னதை அவள் அப்பா வேறாக மாற்றிச் சொல்கிறார் என்பதை நம்ப முடியாமல் பார்த்தாள். எனக்கு அந்தப் பார்வையைத் தாங்க முடியவில்லை.

அவள் ரஞ்சிதா பக்கம் திரும்பினாள். அதே வாக்கியத்தை இன்னொரு தரம் சொன்னாள். இந்த முறை நிறுத்தி, ஒவ்வொரு சொல்லாக, மாடிப்படியில் சொல்லிக் கொடுப்பது மாதிரி. சித்தி புதிதாகப் படிப்பவள். மெதுவாகச் சொன்னால் புரிந்துகொள்வாள்.

ரஞ்சிதாவுக்குப் புரிந்தது. அவள் வாயைத் திறக்காமல் இருந்திருக்கலாம். புரியவில்லை என்று சொல்லியிருந்தாலும் யாரும் சந்தேகப்பட்டிருக்க மாட்டார்கள்.

"அக்கா பரீட்சை எதுவும் எழுதலையாம்" என்றாள். "அமு சொல்றா. நானும் எழுத வேண்டியதில்லையாம்."

ஐயனார் மாமா என் பக்கம் திரும்பினார்.

"சரியாத்தான் சொல்றா. அத்தானப் பொய் சொல்லச் சொன்னது நான்தான்ப்பா."

"ஏம்மா?" என்றார் மாமா. அவ்வளவுதான் கேட்டார். அந்தக் குரலுக்குப் பதில் அவர் திட்டியிருக்கலாம்.

ரஞ்சிதா அமுவைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

ஐயனார் மாமா நிதானமாகத் தட்டை இழுத்தார். "சரி. சின்னப் புள்ளைக ஏதோ பயந்து சொல்லிருச்சு. இப்பத் தடையொண்ணும் இல்லல்ல?" மல்லிகைப் பந்தை எடுத்து அத்தையின் கையில் வைத்தார். "போ செவந்தி. நேரம் போவுது."

அத்தை பூவோடு எழுந்தார். ரஞ்சிதா தலையைக் குனியவும் இல்லை, நகரவும் இல்லை. கண்ணை மூடிக்கொண்டாள். ஊசி போடும்போது சிலர் மூடிக்கொள்வார்களே, அப்படி.

"அத்தை" என்றேன். "வேண்டாம்."

"என்ன வேண்டாம்?"

"பூ வைக்காதீங்க. என்னால முடியாது."

"என்ன மாப்பிள்ளை முடியாது?"

யோசிக்காமல்தான் சொன்னேன். "ரஞ்சியை வைஷுன்னு கூப்பிட்டுருவேன்."

அத்தை பூவை நெஞ்சோடு பிடித்தபடி நின்றார்.

"நான் தெனமும் அப்படித்தான் கூப்புடுறேன் மாப்பிள்ளை" என்றார். "அவளும் என்னம்மான்னு வந்து நிக்கிறா."

ஐயனார் மாமா துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். கடலை மூட்டையை ஒற்றை ஆளாகத் தூக்கும் தோள் அது. குலுங்கியது.

மாமனார் மட்டும் அழவில்லை. "அப்ப புள்ள?" என்றார்.

அவர் கேட்டது நியாயம். என்னோடு வரும் என்று சொல்ல வேண்டும். யார் கதவைத் திறப்பார்கள், யார் சோறு ஊட்டுவார்கள், நான் எப்படியாவது பார்த்துக்கொள்வேன் என்று சொல்ல வேண்டும். வாயைத் திறந்தேன். அங்கே அந்த வீட்டில், காலையில் எழுந்து அவளுக்குத் தலை பின்னத் தெரியாமல் நான் நிற்பது தெரிந்தது. இந்த அரை வருடத்தில் எத்தனை நாள் அவள் பேசியதைக் கேட்காமலே உட்கார்ந்திருந்தேன் என்பது தெரிந்தது. சொல் வரவில்லை.

எல்லோரும் காத்திருந்தார்கள். அமுவும்.

பிறகு அவள் மடியிலிருந்து இறங்கினாள்.

அறைக் கதவு திறந்துதான் இருந்தது. ஞாயிற்றுக்கிழமைக்காக அடுக்கிக் கட்டிலுக்குக் கீழே வைத்திருந்த எங்கள் பெட்டியை இழுத்தாள். கனம் தாங்காமல் உட்கார்ந்து காலால் உந்தி இழுத்தாள். ஜிப்பைத் திறந்தாள். என் சட்டைகளை அப்படியே விட்டுவிட்டு, அவளுடையதை மட்டும் எடுத்தாள். குளிர் கோட்டு. கம்பளித் தொப்பி. பள்ளி கவுன். ஒவ்வொன்றையும் மடித்துக் கட்டிலின் மேல் வைத்தாள். வைஷ்ணவி மடிப்பது மாதிரியே கையை இரண்டு பக்கமும் உள்ளே விட்டு மடித்தாள்.

நான் எழுந்திருக்க வேண்டும். உட்கார்ந்தே இருந்தேன்.

"ஏ ஆத்தா, வாடி இங்கிட்டு" என்றார் அத்தை. அமு திரும்பவில்லை. ஒரு காலுறை மட்டும் கிடைத்தது. மற்றதைப் பெட்டிக்குள் தலையை விட்டுத் தேடினாள்.

மாமா நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். "முடிஞ்சு போச்சு. நாளைக்கே பள்ளிக்கூடத்துல பேசிர்றேன்" என்றார்.

"உக்காருங்கப்பா. இன்னும் எதுவும் முடியல" என்றாள் ரஞ்சிதா.

அவள் அப்பாவிடம் அந்தக் குரலில் பேசி நான் கேட்டதில்லை. அவரும் கேட்டதில்லை போலிருக்கிறது. உட்கார்ந்துவிட்டார்.